ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர்

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்து எழுதினால் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். அவருக்குத் திருப்புட்குழியில் சொந்த வீடு, காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை, வாசலில் வெள்ளைக் கார். எனக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. நூல் சுற்றுகிற வீட்டில் பிறந்து கம்பி சுற்றப் போனவன் நான். மூத்த மாப்பிள்ளை நான்தான். ஆனால் மாமியார் வீட்டில் இலை போட்டால் முதல் வடை அவர் இலையில்தான் விழும்.

"கார் ஓட்டிக்கினு வந்தாரு பாவம், களைச்சிப் போயிருப்பாரு" என்பார் அத்தை. காஞ்சிபுரம் பஸ்ஸில் முழு தூரமும் தொங்கிக்கொண்டு வந்தவனுக்குக் களைப்பே கிடையாதாம்!

இதில் பெரிய கொடுமை, மனுஷன் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என்னை "அண்ணா, அண்ணா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். என் பெண்ணுக்குக் காலேஜ் சேரும்போது யாரும் கேட்காமலேயே கூட வந்து நாள் முழுக்க வரிசையில் நின்றார். அப்படிப்பட்டவரிடம் குறை கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கென்று ஒரே ஒரு விஷயம் இருந்தது. பழைய ஸ்பீக்கர். காயிலாங்கடையில் எடைக்குப் போட்ட ஸ்பீக்கர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். காந்தம் நன்றாக இருக்கிறதா, பெட்டியைக் கரையான் தின்றிருக்கிறதா, இரண்டுதான் பார்ப்பேன். சத்தம் வரும்போது அதிர்கிற காகிதக் கூம்பைக் கோன் என்போம், அதைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் இருக்கும், அது வருஷம் போகப் போக வெல்லப்பாகு மாதிரி உருகி உதிர்ந்துவிடும். அதைப் புதிதாக ஒட்டி, பெட்டிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடித்து, என்னிடம் இருக்கிற பழைய ஆம்ப்ளிஃபயரில் போனை இணைத்துப் பாட்டுப் போட்டால், நேற்று வரைக்கும் ஆட்டுக்குட்டி ஏறி நின்ற பெட்டி இன்றைக்குப் பாடும். கையில் காசு இருக்கிறவன் செய்கிற வேலை இல்லை இது. காசு இல்லாதவனுக்குத்தான் இதில் ருசி. சகலைக்கு இந்தப் பக்கமே தெரியாது. அந்த ஒரு இடத்தில் நான் ராஜா.

போன வருஷம் வைகாசியில், காவாந்தண்டலத்தில் ஒரு விவசாயி வீட்டு மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். லோ வோல்டேஜில் ஓட்டி ஓட்டி எரிப்பது இங்கே கோடைக்குக் கோடை நடப்பதுதான். மோட்டாரைக் கழற்ற பம்ப் ஷெட்டுக்குள் போனேன். மூலையில் யூரியா மூட்டைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. மூட்டையைத் தள்ளிவிட்டு, தோளிலிருந்த துண்டால் துடைத்துப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். பின்னால் காந்தம் எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் அளவுக்கு இருந்தது.

"இது இன்னாங்க?" என்றேன், பெரிதாக ஆசைப்படாத குரலில்.

"எங்க நைனா மெட்ராஸ்ல வாங்கினாரு. ஸ்பீக்கரு. பாடாது" என்றார் வீட்டுக்காரர்.

"இதுக்கு ஜோடி இருக்கணுமே?"

"கீது. தம்பி வூட்ல கீது." அவர் எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை, கட்டைவிரலால் மட்டும் காட்டினார். "பாகம் பிரிச்சப்ப எல்லாம் சரிபாதி. குத்துவெளக்கு ரெண்டு, ஆளுக்கு ஒன்னு. அண்டா ரெண்டு, ஆளுக்கு ஒன்னு. இதுவும் ரெண்டு, ஆளுக்கு ஒன்னு. பஞ்சாயத்துல பெரியவங்க சொன்னது."

"பாட வெக்கற ஆம்ப்ளிஃபயரு?"

"தங்கச்சிக்கு அத்தக் குடுத்துட்டோம். பொண்ணுக்கும் பங்கு வேணும் இல்ல?"

கேட்டீர்களா நியாயத்தை! ஒரே வாயால் பாட வேண்டிய சாமானை மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வீட்டிலும் பாட்டு இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மோட்டார் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேசி, அந்தப் பெட்டியை மோட்டாரோடு சேர்த்து வண்டியில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு எதிர்வீட்டுத் தம்பியிடம் போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஜோடிப்பெட்டி நின்றது, மேலே பூத்தொட்டி வைத்திருந்தார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. தெருவில் நின்ற என் வண்டியைப் பார்த்தார். "அவன் கிட்ட வாங்கினியா?"

"ஆமாங்க."

"அப்போ என்கிட்ட கெடையாது. அவன் வூட்டுப் பொருள வாங்கினவன் கையில என் வூட்டுப் பொருளு போவாது. கெளம்பு."

எவ்வளவோ கெஞ்சினேன். இருமடங்கு தருகிறேன் என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தால் அண்ணன் இதையேதான் சொல்லியிருப்பார். அந்த ஜோடியை இரண்டு வீட்டிலும் ஒரே ஆள் வாங்கவே முடியாது. இரண்டு பேர் வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு மாமியார் வீட்டில் சாப்பாடு. நான் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழக்கமாக அந்த வீட்டில் சகலை பேசினால்தான் சிரிப்பு வரும், அன்றைக்கு எனக்கு வந்தது. அந்த மயக்கத்தில், "யாராவது சம்பந்தமில்லாத ஆளு போய்க் கேட்டா அந்த ஆளு குடுத்துடுவாரு" என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் என் கௌரவம் குறைந்துவிடுமே! அவராகப் புரிந்துகொண்டு வாங்கி வந்து தர வேண்டும், நான் "எதுக்கு சகல இதெல்லாம்" என்று பிகு பண்ணிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் மனசில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் எந்தத் தெரு, எந்த வீடு என்று விசாரித்தார். அடுத்த வடையை நானே எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

பத்தாம் நாள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டோ வந்தது. வெள்ளைக் காரின் பின்பக்கம் திறந்திருக்க, உள்ளே போர்வை சுற்றி அந்தப் பெட்டி. கீழே, "அண்ணா, வாங்கிட்டேன்!" நான் கடையை அரை மணி முன்னாலேயே மூடிவிட்டு, மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கார் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் வரவில்லை, போன் வந்தது.

"அண்ணா, சூப்பரா கீதுண்ணா பொட்டி! உங்களப் பாத்துட்டு எனக்கும் ஆசையாய்டுச்சி. நானே ரிப்பேர் பண்ணலாம்னு கீறேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, சொல்லுங்க."

அப்போது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது எனக்கு வேணும் சகல, என்னுதுக்கு ஜோடி அது. அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் மறுநாளே கொண்டுவந்து இறக்கியிருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "மெட்ராஸ்ல இதுக்குன்னு மெக்கானிக் கீறாங்க. அவுங்க கிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கு எதுக்கு அழுக்கு வேல?" என்றேன். மிக்சர் பொட்டலத்தை என் மனைவியின் கையில் கொடுத்தேன்.

"வாயத் தொறந்து கேட்டா இன்னா? முத்து உதிர்ந்துடுமா?" என்றாள்.

"உன் தங்கச்சி புருஷன் கிட்ட நான் பிச்ச கேக்கணுமா?"

"யாரு பிச்ச கேக்கச் சொன்னா? நல்லா பேஜார் புடிச்ச மனுஷன்" என்று சொல்லிவிட்டு மிக்சரை டப்பாவில் கொட்டினாள்.

சரி, அவர் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், நான் ஒன்றை வைத்துக்கொள்கிறேன், எது நன்றாகப் பாடுகிறது பார்த்துவிடலாம் என்று எனக்குள் வரிந்துகட்டிக்கொண்டேன். அவருக்கு இது தெரியாது. ஒருத்தனே ஓடுகிற ஓட்டப்பந்தயம்.

என் பெட்டியைத் திறந்தபோது காயில் கருகியிருந்தது. யாரோ அளவுக்கு மீறிச் சத்தம் வைத்திருக்கிறார்கள். கோனுக்குப் பின்னால் ஒரு காகிதக் குழாய், அதன் மேல் தலைமுடி மாதிரி செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் காயில். புதுசு வாங்க வழியில்லை, இந்த அளவு இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் கம்பி சுற்றுவது என் தொழில் இல்லையா? கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே பிரித்தேன். இரண்டு நாள் கண் வலித்தது. அதே காகிதக் குழாயில் புதுக் கம்பியைச் சுற்றி, மோட்டாருக்கு அடிக்கிற வார்னிஷையே தடவி, மொட்டைமாடி வெயிலில் காய வைத்தேன். ஃபோம் வளையத்துக்குச் சரியான அளவு கிடைக்காமல் பெரிய அளவில் ஒன்று வாங்கி, வெட்டி, ஒட்டுப் போட்டேன். முன்பக்கத் துணிக்குக் கோணிப்பையைத் துவைத்து, டீத்தூள் போட்ட வெந்நீரில் ஊற வைத்து, சாயம் ஏற்றி இழுத்துக் கட்டினேன். மொத்தச் செலவு என் பெண்ணுடைய ஒரு மாத பஸ் பாஸ் அளவுதான் ஆகியிருக்கும். எனக்கே என் மேல் கர்வம் வந்தது.

அங்கே சகலையின் பெட்டி மெட்ராஸுக்குக் காரிலேயே போய்விட்டு வந்தது. வளையம் எந்த தேசத்திலிருந்தோ பார்சலில் வந்தது. தச்சர் வந்து பெட்டி முழுக்கத் தேக்குத் தகடு ஒட்டினார். ஒவ்வொன்றும் குரூப்பில் போட்டோவாக வந்து விழும். என் மனைவி பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பூங்கொத்து, கைதட்டல் என்று போட்டுத் தள்ளுவார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போடுவேன். போட்டுவிட்டு அன்றைக்கு யார் மோட்டார் எடுக்க வந்தாலும் எரிந்து விழுவேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்து காயிலின் இரண்டு முனைகளையும் ஈயம் உருக்கி சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வேலை அதுதான். பெட்டிக்குப் பின்னால் ஒயர் மாட்டுகிற சிவப்புக்கு ஒரு முனை, கறுப்புக்கு ஒரு முனை. போன் டிங் என்றது. பார்க்காமல் இருந்திருக்கலாம். சகலை வீட்டுக் கூடத்தில் பெட்டி நிற்கிறது, தேக்கு தகதகவென்று மின்னுகிறது, முன்பக்கத்தில் துணி. அந்தத் துணி எனக்குத் தெரியும். மாமனார் வீட்டுத் தறியில் நெய்த மாம்பழக் கலர் பட்டு. கீழே அத்தை எழுதியிருந்தார், "உங்க மாமா ஸ்பெஷலா குடுத்தது." எனக்கு ஒரு முழம் துணி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் கோணியைத் துவைத்துக்கொண்டிருந்தேன்! ஒரு கண் போனிலும் ஒரு கண் காயிலிலுமாக இரண்டு முனையையும் சால்டர் வைத்து முடித்தேன்.

முடித்ததும் ஒரு டார்ச் செல்லை எடுத்து சிவப்பிலும் கறுப்பிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். கோன் முன்னால் தள்ளினால் சரி, பின்னால் இழுத்தால் தலைகீழ். கால் நிமிஷ வேலை. அதைச் செய்யவில்லை. ஒற்றை ஸ்பீக்கர் எப்படிக் கொடுத்தாலும் பாடும், தலைகீழாக இருந்தாலும் காதுக்குத் தெரியாது. பாட்டுப் போட்டேன். அப்பா! கடை ஷட்டர் அதிர்ந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கோணித் துணியோடு என் பெட்டி பாடியது.

தையில் மாமனார் வீட்டு மாடி கட்டி முடிந்து பால் காய்ச்சினார்கள். அக்கா தங்கை இரண்டு பேரும் போனிலேயே பேசி முடிவு பண்ணியிருந்தார்கள், இரண்டு ஸ்பீக்கரையும் மாடிக் கூடத்தில் வைத்துப் பாட விடுவது என்று. காலையில் நாஷ்டா முடிந்ததும் இரண்டையும் ஏற்றினோம். இடது பக்கம் மாம்பழப் பட்டு, வலது பக்கம் கோணி. யாரோ ஒரு கிழவி என் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இது அரிசி மூட்டையா?" என்று கேட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

முதலில் என்னுடையதை மட்டும் போட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. பிறகு அவருடையதை மட்டும். அதுவும் அற்புதம், பொய் சொல்ல மாட்டேன். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன். மிருதங்கத்துக்கு வயிறே இல்லை. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. உப்பில்லாத ரசம் மாதிரி இருந்தது. இரண்டு பெட்டிகள் சேர்ந்து ஒரு பெட்டியின் பாதிகூடப் பாடவில்லை.

"தனித்தனியா நல்லாத்தான் பாடிச்சி. ஒன்னா வெச்சா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது. சண்ட போட்டுக்கினு பிரிஞ்ச வூட்டு சாமான் இல்ல?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒன்று முன்னால் தள்ளுகிறது, இன்னொன்று அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. ஒன்று கொடுக்கிற காற்றை மற்றது தின்றுவிடுகிறது. இரண்டில் ஒன்று தலைகீழ். எது என்பதும் தெரிந்தது. சால்டர் வைக்கும்போது மாம்பழக் கலர் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? மோட்டாரில் தலைகீழாக இணைப்புக் கொடுத்தால் பம்பு திருப்பிச் சுற்றும், தண்ணீர் ஒழுங்காக ஏறாது. அந்தத் தப்பைச் செய்கிறவனை ஊரே கேலி பண்ணும். இத்தனை வருஷத்தில் ஒரு மோட்டாரிலும் நான் அதைச் செய்ததில்லை.

பின்னால் போய் இரண்டு ஒயரை மாற்றிச் சொருகினால் போதும். கையைக்கூட நீட்டிவிட்டேன். அதற்குள் சகலை சொன்னார், எல்லோர் முன்னாலும், "என்னுதுதாண்ணா கெடுக்குது. மெட்ராஸ் மெக்கானிக் இன்னாத்தையோ சொதப்பிட்டாரு. நீங்க கையால கட்னது. அது தப்பாவுமா?"

மாமனார் தலையாட்டினார். "மூத்தவரு கைவேல எப்பவும் சுத்தம்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஒயரைத் தொடவில்லை. ஆமாம், தெரிந்தே தொடவில்லை. அன்றைக்கு மத்தியானம் முதல் வடை என் இலையில் விழுந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது சகலை தன் பெட்டியையும் நான் வாடகைக்குப் பிடித்திருந்த லோடு ஆட்டோவில் ஏற்றினார். "ரெண்டும் உங்க கிட்டயே இருக்கட்டும். கெட்டுப்போனத நீங்கதான் பாத்து சரி பண்ணுவீங்க. என்கிட்ட இருந்து இன்னா புண்ணியம்?" என்றார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வீட்டில் இரண்டையும் வைத்து, என்னுடையதில் ஒயரை மாற்றிச் சொருகிப் பாட்டுப் போட்டேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு நடுவில் ஒரு ஆள் வந்து நின்று பாடினார். அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் தபேலா, வலது பக்கம் புல்லாங்குழல், நடுவில் அவர். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. என் மனைவி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"நேத்து நல்லா இல்லியே. எப்டி சரியாச்சி?"

"ஒயரு மாறி இருந்துது."

"எதுல?"

பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். "அவரு கிட்ட போன் பண்ணி சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சகலை போன் செய்வார். "சரி ஆச்சாண்ணா?" "பாத்துக்கினு கீறேன் சகல." மாசியில் ஒரு நாள் குடும்பத்தோடு வருகிறோம் என்றார். கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் ஒயரைத் திரும்பத் தலைகீழாகச் சொருகினேன். அவர் உட்கார்ந்து அந்த உப்பில்லாத பாட்டைக் கேட்டார். "உங்களுக்குப் பாரமா குடுத்துட்டேன்" என்று வருத்தப்பட்டார். அவர் கார் போனதும் மறுபடி ஒயரை மாற்றினேன். நான் இரண்டு தடவை மாற்றியதையும் என் மனைவி வாசலில் நின்றுகொண்டு பார்த்தாள். "நீயெல்லாம் இன்னா மனுஷன்யா" என்றாள். கோபத்தில்கூட அவள் என்னை அப்படி ஒருமையில் சொன்னதில்லை.

பிறகும் இரண்டு தடவை அவர் வந்தார், இரண்டு தடவையும் அதையே செய்தேன். ஊரிலேயே நல்ல ஜோடி என் வீட்டில் இருந்தது. ஆனால் பாட்டு ஆரம்பித்தால் என் காது பாட்டில் நிற்காது, தெருவில் கார் வருகிறதா என்று கேட்கப் போய்விடும். ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் சொல்லாமல் வந்தார். கடைக்குப் போய்விட்டு நேரே வருகிறார் போல, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஒயரை மாற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நல்லவேளை, பாட்டு ஓடவில்லை.

"அண்ணா, கெடச்சிடுச்சி! பெங்களூர்ல ஒரு ஆளு கிட்ட. அதே கம்பெனி, அதே சைசு. மூனு மாசமா தேடிக்கினு இருந்தேன்" என்று அட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு ஊஃபர், பெட்டிக்குள் மாட்டுகிற பெரிய வட்ட ஸ்பீக்கர், பஞ்சில் சுற்றியிருந்தது. "என்னுதுல இருக்கறத கழட்டி வீசிட்டு இத்த மாட்டிடலாம். உங்க பொட்டிக்கு ஒழுங்கா ஒரு ஜோடி வேணாமா? உங்க உழைப்பு வீணாப் போவுதேன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

பேசிக்கொண்டே மேஜை மேலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தன் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார். மாம்பழப் பட்டைக் கழற்றி, மடித்து, பக்கத்தில் வைத்தார். ஊஃபரின் ஓரத்தில், அந்தப் புது வளையத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பப் போனார். பழக்கமில்லாத கை. ஒரு நெம்பு நெம்பினால் வளையம் கிழிந்துவிடும்.

"தொடாதீங்க!"

என் குரல் எனக்கே தெரியவில்லை, அப்படிக் கத்தினேன். என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சகலை ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். நான் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. பாடுகிறவர் சுவருக்கு நடுவில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, என் பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினேன். ஆள் காணாமல் போனார். திரும்ப மாற்றினேன். வந்தார்.

சகலை என் பெட்டியைப் பார்த்தார். தன் பெட்டியைப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அப்போ என்னுதுல ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்ல. என்னுதுதான். நான்தான் முனைய மாத்தி சால்டர் வெச்சிட்டேன்."

"எப்போ தெரிஞ்சிது உங்களுக்கு?"

ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். என் மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கே. பால் காச்சின அன்னிக்கே, அங்கயே."

அவர் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகத் தரையில் வைத்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன், எதற்குச் செய்தேன், எத்தனை வருஷமாக என்றெல்லாம்.

அவர் கையை மட்டும் உயர்த்தினார். "இருங்கண்ணா. பாட்டு முடியட்டும்."

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். மடித்த பட்டுத்துணி மடியில் இருந்தது. முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. தபேலா வந்தபோது அவருடைய விரல் ஒன்று தொடையில் தட்டியது. முதல் சரணம் போய், இரண்டாவது சரணம் போய், கடைசியில் அந்தப் பாடகர் மூச்சு வாங்குகிற இடம் வரைக்கும் அவர் அசையவில்லை. என் வீட்டில், என் கையால் கட்டிய காயிலில், மூன்று மாதமாக நான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்காத பாட்டை அவர் உட்கார்ந்த ஒரே உட்காரலில் கேட்டு முடித்தார்.

அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.